கண்ணகி கோட்டமும் நம் கடமையும்

திருத்தலங்களுக்கு யாத்திரை செல்லும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழமையானது. ஆற்றில் நீராடுவதும், மலையேறுவதும், கோயிலை வலம்வருவதும், மீண்டு வந்து உற்றார்க்குப் பிரசாதம் பகிர்வதும் நாம் அனைவரும் கண்டறிந்தவை. கம்பம் பள்ளத்தாக்கிற் பிறந்து வளர்ந்த மாணவர் எவரும் வீரபாண்டிக் கௌமாரியம்மன் திருவிழாவையும், குச்சனூர்ச் சனீசுவரர் கோயிலுக்குச் சனிக்கிழமைதோறும் திரளும் கூட்டத்தையும், சுருளித் தீர்த்தத்தில் நீராடுவோரையும் அறியாதிரார். இவையெல்லாம் நினைத்தபோது செல்லத்தக்க தலங்கள். ஆனால், அப்பள்ளத்தாக்கின் எல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டில், ஆண்டில் ஒரே ஒரு நாள் மட்டும் மக்கள் சென்று வழிபடத்தக்க கோயில் ஒன்று உண்டு. மங்கலதேவி கோட்டம் எனவும் கண்ணகி கோட்டம் எனவும் வழங்குவது அதுவே. அக்கோட்டத்தைப் பற்றியும், அதன்பால் நமக்குள்ள கடமையைப் பற்றியும் ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம்.

தேனியிலிருந்து செல்லும் பெருஞ்சாலை சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களைக் கடந்து, லோயர் கேம்ப் என வழங்கும் மலையடிவாரத்தை அடைகின்றது. அதற்கு அண்மையில் உள்ள சிற்றூர் பளியன்குடி. மலைவாணராகிய பளியர் வாழும் இடம் அஃது என்பதைப் பெயரே உணர்த்தும். அங்கிருந்து ஏறத்தாழ 6 அல்லது 7 கிலோமீட்டர் தொலைவு காட்டுவழியே ஏறிச் சென்றால் கோட்டத்தை அடையலாம். மற்றொரு வழி, கேரளத்துக் குமுளியிலிருந்து பெரியாறு புலிகள் காப்பகத்தினூடே செல்லும் மண்பாதை. அது ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. ஜீப்பு வண்டிகள் அதன்வழியே செல்லும். கோயில் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் நிற்கின்றது.

சித்திரைத் திங்கள் முழுமதி நாளன்று மட்டும் இவ்விரு வழிகளும் யாத்திரிகர்க்குத் திறக்கப்படுகின்றன. தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் ஆட்சியாளரும் முன்னதாகக் கூடி, குடிநீர், மருத்துவம், வண்டி, காவல் முதலியவற்றிற்கு ஏற்பாடு செய்கின்றனர். விடியுமுன்னரே ஏறத் தொடங்கிய மக்கள் பல்லாயிரவராய் மலைமுகட்டை நிறைக்கின்றனர். தமிழ்நாட்டு மகளிர் பொங்கலிட்டுக் கண்ணகியை வழிபடுகின்றனர். வளையலும் மங்கல நாணும் பிரசாதமாகப் பெற்றுக் கண்ணில் ஒற்றிக் கொள்கின்றனர். ஒரு சந்நிதியில் தமிழ்நாட்டு முறையிலும் மற்றொரு சந்நிதியிற் கேரள முறையிலும் பூசை நடைபெறுகின்றது. மாலைப் பொழுது சாயுமுன் அனைவரும் இறங்கிவிடல் வேண்டும். பின்னர் அடுத்த சித்திரை வரை அம்மலைமுகடு யானைக்கும் காட்டெருமைக்கும் உரியதாகின்றது.

இக்கோட்டத்தின் பெருமை யாது? இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரத்தை ஓதினார்க்கு அது விளங்கும். மதுரையை எரியூட்டிய பின்னர்க் கண்ணகி மேற்கு வாயில் வழியே வெளிப்பட்டு, கொற்றவை கோயில் வாயிலில் தன் கைவளைகளை உடைத்தெறிந்து, இரவென்றும் பகலென்றும் பாராது வையையின் கரைவழியே நடந்து, நெடுவேள்குன்றத்தில் ஏறி, ஒரு வேங்கை மரத்தின் நிழலில் நின்றாள் என்றும், 14 நாட்கள் கழிந்தபின் விண்ணவர் சூழக் கோவலனோடு வானூர்தி ஏறினாள் என்றும் அக்காப்பியம் கூறும். அதனைக் கண்டவர் குன்றக் குறவர். அவரே முதலில் அவளைத் தம் தெய்வமாகக் கொண்டாடினர். அவரே சேரன் செங்குட்டுவனிடம் சென்று தாம் கண்ட வியப்பை உரைத்தனர். செங்குட்டுவன் இமயத்திற் கல் எடுத்து, கங்கையில் நீர்ப்படுத்தி, கனக விசயர் முடிமேல் அதனை ஏற்றிக் கொணர்ந்து, பத்தினிக்குக் கோட்டம் அமைத்தான் என்பது அந்நூலின் வஞ்சிக் காண்டம்.

வையையின் தலைநீர்களுள் ஒன்று இப்பள்ளத்தாக்கின் வழியாகவே இறங்கி வருகின்றது. அதனைப் பற்றிக்கொண்டு மேற்கே நடந்தால் இம்மலைக்கே வந்து சேர்தல் வேண்டும் என்னுங் கருத்தோடு தேடிச் சென்று, 1963-ஆம் ஆண்டில் இக்கோட்டத்தைத் தமிழுலகிற்கு எடுத்துக் காட்டியவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் சிலப்பதிகாரத்தை 1892-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார்கள். ஏட்டிலிருந்து நூல் வெளிவந்து 71 ஆண்டுகளுக்குப் பின்னர், நூலிலிருந்து மலைக்கு வழி கண்டவர் கோவிந்தராசனார் எனலாம். கோட்டத்தின் கற்களிற் பிற்காலப் பாண்டியர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளும் காணப்படுகின்றன.

இதுவே செங்குட்டுவன் எடுத்த கோயிலா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு என்பதை மறைத்தல் தகாது. நெடுவேள்குன்றம் என்பது திருச்செங்கோடே எனப் பழைய உரை ஒன்று கூறிற்று. அடியார்க்குநல்லார் அதனை மறுத்தார். கேரளத்தார் பலர் கொடுங்கல்லூர்ப் பகவதியைக் கண்ணகியாகக் கருதுவர். இப்போது நிற்கும் கட்டடப் பகுதிகள் செங்குட்டுவன் காலத்தனவல்ல, பல நூற்றாண்டு பிற்பட்டன என்பதும் தெளிவு. ஆயினும், ஒரு தலத்தின் மதிப்பு வழக்குமன்றத்துச் சான்று ஒன்றினால் மட்டும் நிறுவப்படுவதன்று. பன்னெடுங் காலமாக ஒரு மலைமுகட்டை மக்கள் மங்கலதேவியின் இடமாகக் கொண்டு ஏறி வருகின்றனர், பாண்டிய நாட்டார் அங்கே கற்றளி எடுத்தனர், கல்லில் எழுதினர். இம்மூன்றும் ஐயத்திற்கு இடமில்லாதன. அக்கற்றளியைப் பேணுதற்கு இவையே போதிய காரணமாகும்.

இனி அதன் இன்றைய நிலையை நோக்குவோம். கோட்டம் நெடுங்காலமாகச் சிதைந்து கிடக்கின்றது. சுற்றுமதிலின் பெருங்கற்கள் இடம் பெயர்ந்துள்ளன. சிறு கற்றளிகளின் மேற்பகுதிகள் குலைந்துள்ளன. மழையும் வேரும் ஆண்டுதோறும் தம் தொழிலைச் செய்து வருகின்றன. மலைமுகட்டில் வீசுங் காற்றையும் பருவமழையையும் அறிந்தோர், ஒரு கல் சரிந்தால் அதனை அடுத்த கல் எத்துணைக் காலம் தாங்கும் என்பதைத் தாமே கணித்துக் கொள்ளலாம். யாத்திரிகர் கொண்டாடும் ஒரு நாளில் மலர்மாலைகளும் பட்டும் அச்சிதைவை மறைக்கின்றன. மற்றை 364 நாட்களும் அதனை மறைப்பார் எவருமில்லை.

இந்நிலை ஏன் நேர்ந்தது? கோயில் நிற்கும் இடம் எவர்க்கு உரியது என்னும் பூசலே காரணம். தமிழ்நாட்டு எல்லைக்குட்பட்டது என்பது ஒரு சாரார் கூற்று. கேரளத்துப் பெரியாற்றுக் காட்டுக்குட்பட்டது என்பது மறுசாரார் கூற்று. 1956-ஆம் ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது எல்லைகள் வகுக்கப்பட்டன. எனினும் இம்மலைமுகட்டைப் பற்றிய வாதம் ஓயவில்லை. பழைய நில அளவைப் படங்களும் ஆவணங்களும் காட்டப்படுகின்றன, மறுக்கப்படுகின்றன. முன்னர்ச் சில நாட்கள் நடைபெற்ற சித்திரை விழா ஒரே நாளாகச் சுருங்கியதும் இப்பூசலின் விளைவே என்பர். உரிமை முடிவாகாமையால், பழுது பார்க்கும் பணியும் முறையாக நடைபெறாது நிற்கின்றது. ஒருவர் கல்லைத் தொட்டால் அதுவே உரிமைக்குச் சான்றாகிவிடுமோ என மற்றவர் அஞ்சுகின்றனர். இவ்வாறு இருதிறத்தாரும் தம்முடையது என்று கூறும் கோயிலை இருதிறத்தாரும் காவாதிருக்கின்றனர்.

இவ்விடத்து நம் அபிப்பிராயத்தை வெளிப்படக் கூறுவோம். எல்லை வழக்கு முடியும்வரை கற்கள் காத்திரா. ஆதலின் உரிமை வினாவைத் தனியே வைத்துவிட்டு, இரு மாநிலங்களும் ஒருங்கு கூடிக் கோட்டத்தைச் செப்பனிடல் வேண்டும். செய்யும் பணி எதுவும் எவருடைய உரிமைக்கும் சான்றாகாது என்று முன்னரே எழுதிக் கையொப்பமிட்டுக் கொண்டால், இருதிறத்தார்க்கும் இழப்பு யாதுமில்லை.

இஃது இயலுமா என ஐயுறுவோர், அம்மலையடிவாரத்திலேயே ஓடும் நீரை நோக்குவாராக. 1886-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசும் சென்னை அரசும் 999 ஆண்டுகளுக்கு ஓர் உடன்படிக்கை செய்தன. அதன் பயனாகப் பென்னிகுவிக் என்னும் பொறியாளர் முல்லைப் பெரியாற்றணையை 1895-ஆம் ஆண்டில் முடித்தார். மேற்கே ஓடிய ஆற்றின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிற்று. அவ்வணையைப் பற்றி இரு மாநிலங்களுக்கும் இடையே எழுந்த வழக்குகளையும், உச்சநீதிமன்றம் 2006-ஆம் ஆண்டிலும் 2014-ஆம் ஆண்டிலும் வழங்கிய தீர்ப்புகளையும் நாம் அறிவோம். ஆனால் வழக்கு நடந்த ஆண்டுகளிலும் நீர் நின்றுவிடவில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்நீராலேயே விளைந்தது. வாதம் ஒருபுறம் நடக்க, வயல் ஒருபுறம் பசுமையாயிற்று. நீருக்கு இது கூடுமாயின், நீரைவிடப் பன்மடங்கு எளிதாகப் பங்கிடத்தக்க ஒரு கோயிலுக்கு ஏன் கூடாது?

பிறநாட்டில் நிகழ்ந்த ஒன்றையும் நினைவுகூர்தல் நலம். கம்போடியாவுக்கும் தாய்லாந்துக்கும் இடையே டாங்கிரெக் மலைமுகட்டிற் பிரியா விகார் என்னும் பழைய சிவன் கோயில் உண்டு. கெமர் மன்னர் எடுப்பித்தது. அதன் உரிமை பற்றிய வழக்கில், கோயில் கம்போடியாவுக்கே உரியதென உலக நீதிமன்றம் 1962-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பின்னும் பகை தணியவில்லை. 2008-ஆம் ஆண்டில் அக்கோயில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டபோது பூசல் மீண்டும் மூண்டது, 2011-ஆம் ஆண்டு வரை இருபடைகளும் அங்கே மோதின, உயிர்கள் மாய்ந்தன, கோயிற் கற்களும் குண்டடி பட்டன. நம் இரு மாநிலங்களும் ஒரே நாட்டின் உறுப்புகள். அத்தகைய கொடுமைக்கு இங்கு இடமில்லை. எனினும், எவர்க்கு உரியது என்னும் தீர்ப்பு ஒன்றே ஒரு கோயிலைக் காத்துவிடாது என்னும் பாடம் நமக்கும் உரியதே.

சிலப்பதிகாரத்தையே எடுத்து நோக்கினும் இவ்வுண்மை புலனாகும். கண்ணகி பிறந்தது சோழநாட்டுப் புகாரில். நீதி கேட்டு நின்றது பாண்டியனது மதுரையில். கோயில் கொண்டது சேரநாட்டில். இம்மூன்று காண்டங்களுள் ஒன்றை நீக்கினும் காப்பியம் நில்லாது. கணவனோடு உயிர் துறந்த பாண்டிமாதேவியோ, நகரை எரித்துத் தன் நாடு வந்த இப்பத்தினியோ, இருவருள் வியக்கத்தக்கவர் யாவர் எனச் செங்குட்டுவன் வினவியபோது, பாண்டிமாதேவி வானத்திற் பெருஞ்சிறப்புப் பெறுக, நம் நாட்டை அடைந்த இப்பத்தினியை நாம் வழிபடுதல் வேண்டும் என்று அவன் தேவி கூறினாள். வந்தவளைத் தம்மவளாக ஏற்ற பெருந்தன்மையே அக்கோயிலின் அடிப்படைக் கல். கடவுள் மங்கலம் செய்த நாளில் குடகக் கொங்கரும், மாளுவ வேந்தரும், கடல்சூழ் இலங்கைக் கயவாகு மன்னனும் அங்கே வந்திருந்தனர் என்றும், தம் நாட்டிலும் எழுந்தருள வேண்டும் என அவர்கள் வேண்டத் தெய்வம் அருளிற்று என்றும் இளங்கோவடிகள் கூறுகின்றார். இன்றும் இலங்கையிற் சிங்களப் பௌத்தர் பத்தினித் தெய்வமாக அவளைப் போற்றுகின்றனர். கண்டி மாநகரில் அவளுக்குத் தேவாலயம் உண்டு. தமிழர் முல்லைத்தீவு வற்றாப்பளையில் அவளுக்குப் பொங்கலிடுகின்றனர். முதல் நாளிலேயே பல நாட்டார்க்கும் பொதுவாயிருந்த கோயிலை ஒரு மாநிலத்தின் தனியுடைமையாக்க முயலுதல் அக்காப்பியத்தின் கருத்துக்கே முரணாகும்.

செப்பனிடும் முறை பற்றியும் ஒரு சொல். இரு மாநிலத் தொல்லியல் அறிஞரும், இந்தியத் தொல்லியல் துறையினரும் ஒன்றுகூடி, முதற்கண் கிடக்கின்ற ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்து, எண்ணிட்டு, அளந்து குறித்தல் வேண்டும். கல்வெட்டுகளை மைப்படி எடுத்து வெளியிடல் வேண்டும். பின்னர் அக்கற்களையே பழைய இடத்தில் நிறுத்தல் வேண்டும். சிமெண்டுப் பூச்சும், வண்ணம் தீட்டிய புதுக் கோபுரமும், பளபளக்கும் தரைக்கல்லும் அம்மலைக்கு வேண்டா. பத்தி மிகுதியாற் பழமையை அழித்துப் புதுமை செய்த கோயில்கள் நம் நாட்டில் மிகப் பல. சுவரிற் சுண்ணம் பூசப்பட்டு எழுத்து மறைந்த கல்வெட்டுகள் எத்துணை என்பதை யார் கணக்கிட்டுரைப்பார்? சின்னமனூரிற் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் மதுரையிற் சங்கம் இருந்ததையும், மாபாரதம் தமிழிற் செய்யப்பட்டதையும் நமக்கு அறிவித்தன. அவற்றை எவரேனும் பழஞ்செம்பென்று உருக்கியிருந்தால் அச்செய்தியும் உடன் உருகியிருக்கும். கல்லும் செம்பும் காக்கப்பட்டாலன்றிச் சரித்திரம் பேசாது.

ஆண்டில் ஒரு நாள் போதாது, பல நாட்கள் திறத்தல் வேண்டும், நல்ல சாலை அமைத்தல் வேண்டும் என்று பலர் கேட்கின்றனர். அவர்களுடைய ஆர்வத்தை நாம் குறை கூறவில்லை. முதியோரும் நோயாளரும் நெருக்கடியில் இடர்ப்படுவது உண்மையே. ஆயினும் இக்கோரிக்கையில் நாம் உடன்படவில்லை. அம்மலை 1978-ஆம் ஆண்டு முதற் புலிகள் காப்பகமாகப் பேணப்படும் காட்டின் பகுதி. சாலை வந்தாற் கடை வரும்; கடை வந்தால் விடுதி வரும்; விடுதி வந்தால் குப்பை வரும். பின்னர் வேங்கை நிழல் எங்கே, நெடுவேள்குன்றம் எங்கே? பெருங்கூட்டம் வந்துபோகும் தலங்களின் ஆற்றங்கரைகளிற் குவியும் கந்தல் துணியையும் பிளாஸ்டிக் உறைகளையும் கண்டவர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மேலும், அரிதிற் கிடைக்கும் பொருளுக்கு ஓர் அருமை உண்டு. ஆண்டு முழுதும் நினைந்திருந்து, ஒரு நாள் மூச்சிரைக்க ஏறிப் பெறும் தரிசனத்தின் இனிமை, வண்டியில் அமர்ந்தவாறே வாயிலில் இறங்குவோர்க்கு வாய்ப்பதன்று. நமக்கு வேண்டுவது அதிக நாட்களன்று; அந்த ஒரு நாளிற் காண்பதற்கு ஒரு கோயில்.

சிதைவும் ஓர் அழகன்றோ, அதனை அவ்வாறே விட்டுவிடலாகாதோ என வினவுவோரும் உளர். சிதைவு ஓரிடத்தில் நின்றுவிடுமாயின் அவ்வாறே விடலாம். சிதைவு நிற்பதில்லை. இன்று நிற்கும் தூண் அடுத்த மழையில் விழும். விழுந்த கல்வெட்டின் எழுத்துத் தேயும். நாம் கேட்பது புதிதாக ஒன்றைச் சேர்த்தலன்று, உள்ளதை வீழாமற் காத்தலே.

இன்னொரு வினாவும் நம் கல்லூரியில் எழக்கூடும். கிறித்தவத் தொண்டர்களால் நிறுவப்பெற்று, பல சமய மாணவரும் ஒருங்கே பயிலும் இக்கல்லூரியில், ஓர் இந்துத் தலத்தைப் பற்றி இத்துணை பேசுவது ஏன் என்பது அது. இதற்கு விடை இளங்கோவடிகளே. அவரைச் சமணத் துறவியென மரபு கூறும். அத்துறவியின் நூலிற் கொற்றவையும் முருகனும் திருமாலும் தத்தமக்குரிய அன்போடு பாடப்பெறுகின்றனர். வேட்டுவரின் ஆட்டத்தை அவர் எள்ளவில்லை. ஆய்ச்சியரின் குரவையை இகழவில்லை. தம் நெறியில் உறுதியாக நின்றவாறே பிறர் நெறியைச் செவி கொடுத்துக் கேட்ட பெருமகனார் அவர். இப்பள்ளத்தாக்கின் உத்தமபாளையத்திலும், கருப்பணசாமி கோயிலை அடுத்த பாறையிற் சமணத் தீர்த்தங்கரரின் திருவுருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. ஒரு பாறை இரு வழிபாட்டைத் தாங்குமாயின், ஒரு மாணவனது உள்ளம் பிறரது வழிபாட்டிடத்தை மதித்து நோக்கும் அளவிற்கு விரிதல் அரிதன்று.

வழிபடச் செல்வார் வழிபடுவாராக. வழிபாட்டில் உடன்படாதார் காப்பியம் கற்ற தமிழ் மாணாக்கராகச் செல்வாராக. இருவரும் செருப்பைக் கழற்றுமிடத்திற் கழற்றி, பேசாதிருக்குமிடத்திற் பேசாதிருந்து, பொங்கலிடும் தாய்மார்க்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பாராயின் வேற்றுமை யாதும் தோன்றாது. புகைப்படம் எடுப்பதற்காகவே மலையேறி, இடிந்த சுவரின் மேல் ஏறி நின்று முகம் காட்டுவோர் எச்சமயத்தவராயினும் நம்மால் மெச்சத்தக்கவரல்லர். சரிந்து நிற்கும் கல்லின்மேல் ஏறுதல், அதனைச் சரித்தவரோடு கூட்டுச் சேர்தலேயாகும்.

குன்றக் குறவரை மீண்டும் நினைவு கூர்தல் வேண்டும். கண்ணகியை முதலிற் கண்டவர் அரசரல்லர், புலவரல்லர், மலைவாணர். இன்றும் அம்மலைக்குச் செல்லும் வழி பளியர் குடியிருப்பின் ஊடே தொடங்குகின்றது. காட்டின் வழியும் நீரும் விலங்கின் நடமாட்டமும் அவர்களைப்போல் அறிந்தவர் இலர். கோட்டத்தைப் பற்றி இரு மாநிலத்தாரும் கூடிப் பேசும் அவையில் அவர்களுக்கும் ஓரிடம் தருதல் முறையாகும். செப்பனிடும் பணியிலும், பின்னர்க் காவற் பணியிலும் அவர்களுக்கு வேலையும் ஊதியமும் கிடைக்குமாயின், கோயிலுக்கு நல்ல காவலரும், அக்குடிகட்கு நல்ல வாழ்வும் ஒருங்கே வாய்க்கும்.

மாணவ நண்பர்காள்! அரசாங்கங்கள் செய்ய வேண்டுவன இவை எனக் கூறிவிட்டு நாம் கைகட்டியிருத்தல் தகாது. நம்மால் இயல்வன சில உள. சித்திரைப் பௌர்ணமிக்கு முன்னர், கல்லூரித் தமிழ்ச் சங்கத்தில் வஞ்சிக் காண்டத்தை முழுதும் ஓதிப் பொருளுணர்தல் ஒன்று. அன்றைய நாளிற் பளியன்குடி வழியில் ஏறி, முதியோர்க்குத் தோள் கொடுத்தும், தாகமுற்றோர்க்கு நீர் வழங்கியும், இறங்கும்போது பிறர் எறிந்த குப்பையைப் பையில் இட்டுக் கொணர்ந்தும் தொண்டு செய்தல் மற்றொன்று. கேரளத்துக் கல்லூரி மாணவரையும் இத்தொண்டிற்கு அழைத்து, இருமொழியாரும் ஒரு வரிசையில் நின்று பணிபுரிதல் மூன்றாவது. கண்ணகி கதையைத் தமிழர் அறிந்தவாறே மலையாளத்தாரும் அறிவர். அதனைப் பேசிக்கொண்டே ஏறினால் மலையும் சிறிதாகும். இவற்றுடன், கோட்டத்தைச் செப்பனிடுமாறு இரு மாநில அரசுகளுக்கும் ஒரே விண்ணப்பத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, இருபுறத்து மாணவரும் கையொப்பமிட்டு அனுப்புதல் வேண்டும். ஒருபுறத்தார் மட்டும் எழுதினால் அஃது உரிமைக் கோரிக்கையாகத் தோன்றும். இருபுறத்தாரும் சேர்ந்து எழுதினால் அது கடமைக் கோரிக்கையாகும்.

கண்ணகி மதுரை மன்னன் முன் நின்றபோது அவள் கையிலிருந்தது ஒற்றைச் சிலம்பு. அச்சிலம்பு எவர்க்கு உரியது என்பதை ஆராயாது தீர்ப்பளித்தமையால் ஓர் அரசன் உயிரிழந்தான். ஒரு நகரம் எரிந்தது. இன்று அவளது கோட்டத்தில் நிகழ்வது அதற்கு மாறானது: எவர்க்கு உரியது என்று ஆராய்ந்துகொண்டேயிருப்பதால் ஒரு கோயில் அழிகின்றது. ஆராயாமையும் தீது, ஆராய்ச்சி முடியட்டும் எனக் காத்திருந்து கடமையைக் கைவிடுதலும் தீது. எல்லைக் கோட்டைப் பற்றிய ஆராய்ச்சி அதற்குரிய மன்றத்தில் நடக்கட்டும். அதுகாறும் இரு மாநிலத் தச்சரும் ஒரு கயிற்றைப் பற்றி, வீழ்ந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துவாராக. அப்பணி தொடங்கும் நாளைக் காண நாம் விழைகின்றோம்.